செம்மண்டலத்தில் ஒன்று, சிதம்பரத்தில் இரண்டு

இரண்டு பெண்டாட்டிக்காரன் படுகிற பாட்டையெல்லாம் ஒரே மனைவியை வைத்துக்கொண்டு பட்டவன் நான். 2009இல், நாற்பத்து நான்கு வயதில், அவளோடு ஜோடியாக இரண்டு சால்சா கிளப்புகளில் சேர்ந்திருந்தேன். ‘வேறெந்த நடன கிளப்பிலும் உறுப்பினர் இல்லை’ என்று இரண்டு படிவங்களிலும் கூசாமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஞாயிறு மாலை கடலூர் செம்மண்டலத்தில். மாஸ்டர் பகலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்; நம் காலையும் பிரேக்காகவே பார்ப்பார். புதன்கிழமை சிதம்பரத்தில். அங்கே மாஸ்டர் இவருடைய மனைவியின் தம்பி. இவரிடம் கற்றுக்கொண்டு, சண்டை போட்டுப் பிரிந்துபோனவர். பிரிந்ததற்கு அடையாளமாகத் தாளத்தையே மாற்றிவிட்டார். செம்மண்டலத்தில் ‘ஒன்று’ என்றதும் கால் எடுக்க வேண்டும். சிதம்பரத்தில் ‘ஒன்று’க்குச் சும்மா நின்று, ‘இரண்டு’க்கு எடுக்க வேண்டும்.

என் மனைவிக்குச் சிதம்பரத்தில் கல்லூரி நூலக வேலை. “பஸ்ஸுல ஒக்காந்து, வேலையில ஒக்காந்து, வாழ்க்கையே ஒக்காந்து போச்சுங்க. வாரத்துல ரெண்டு நாள்தான் நிமிந்து நிக்கிறேன். மாட்டி விட்டுடாதீங்க” என்றாள். அவளுக்கு இரண்டு தாளமும் சுளுவாக வந்தன. ஊர் மாறினால் கால் தானே மாறிக்கொள்ளும்.

செம்மண்டலம் கிளப்பின் ஆண்டு விழா. பன்னிரண்டு ஜோடிகள் வரிசையில் நின்றோம். பாட்டு தொடங்கிய பிறகுதான் பார்த்தேன்: முன்வரிசையில் சிதம்பரம் மாஸ்டர். அக்கா அழுது கூப்பிட்டாளாம். அந்த முகத்தைக் கண்டதும் என் கால் புதன்கிழமைக்குப் போய்விட்டது.

செம்மண்டலம் மாஸ்டர் ‘ஒன்று’ என்றார். பதினொரு ஆண்கள் முன்னால் பாய்ந்தார்கள். நான் மட்டும் நின்றேன். பின்னாலிருந்த புவனகிரி உரக்கடைக்காரர், தொண்ணூறு கிலோ, என் முதுகில் ஏறினார். தாடை மேடையில் மோதியது. ஒரு பல் எனக்கு முன்னால் உருண்டு போனது.

“ஒண்ணுல நிக்கிறான்! இவன் அங்க போறவன்டா!” என்று மாஸ்டர் கத்தினார்.

“இங்கயும் வர்றியா நீ?” என்று முன்வரிசையிலிருந்து அவருடைய மைத்துனர் மேடையேறினார்.

“என் ஆளுங்கள இழுத்ததும் இல்லாம கேள்வி வேறயாடா?” மாஸ்டர் அவர் சட்டைக் காலரைப் பிடித்தார்.

“யாரு இழுத்தாங்க? அவுங்களா வந்தாங்க மாமா! கைய எடு!”

இரும்பு நாற்காலி ஒன்று பறந்தது. மைத்துனரின் புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. அவர் மைக் ஸ்டாண்டால் மாமாவின் முழங்காலில் அடித்தார். எலும்பில் பட்ட சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. நடுவில் புகுந்து விலக்கியவர்களும் அடிக்க ஆரம்பித்தார்கள். நான் நிறையப் படித்தவன். வாயில் ரத்தத்தோடு எழுந்து, விரும்பிய சங்கத்தில் சேரும் உரிமையை அரசியல் சாசனமே கொடுத்திருக்கிறது என்று தொடங்கினேன். மாமனும் மச்சானும் அன்று ஒத்துப்போன ஒரே காரியம் அப்போது நடந்தது: ஆளுக்கொரு கன்னத்தில் குத்தினார்கள்.

என் மனைவி ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். வெறும் குரலிலேயே பேசினாள்.

“ஞாயித்துக்கெழம இங்க ஆடுவேன், பொதங்கெழம அங்க ஆடுவேன். கூடாதுன்னா ரெண்டு பேரும் இப்பவே சொல்லுங்க. நான் எங்கயும் ஆடல. ஆனா அதுக்காக இன்னொருத்தன் மண்டைய ஒடைக்காதீங்க.”

இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு, ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்றாம் நாள் மாஸ்டர் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தார். கையில் சாத்துக்குடி. “மச்சான்கிட்ட பேசிட்டேன் சார். இனிமே யார் எத்தன கிளப்புல வேணாலும் இருக்கலாம். அந்த படிவத்தக் கிழிச்சாச்சு.”

என் மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்து நின்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது. எனக்கும் நெஞ்சு விம்மியது. ஒரு பல்லைக் கொடுத்து ஓர் உரிமையை வாங்கியிருக்கிறேன் என்று, வீங்கிய வாயால் சொல்லவும் சொன்னேன்.

மாஸ்டர் சாத்துக்குடிப் பையை மேசையில் வைத்தார்.

“ஒங்களுக்காக இல்ல சார். மேடம் நின்னுட்டா ரெண்டு எடத்துலயும் ஒழுங்கா ஆட ஆளே இல்ல. நீங்க எங்க வேணாலும் சேருங்க. ரெண்டு கிளப்புலயும் ஒங்கள ஆடுறவுங்க கணக்குல நாங்க வெச்சதே இல்ல.”