முன்வரிசைப் பயணி

திண்டிவனத்திலிருந்து பாண்டிச்சேரிக்குக் காரில் போய்விடலாம். ஆனால் கடல் வழியாகப் போய் இறங்க வேண்டும் என்பது அம்மாவின் வெகுநாள் ஆசை. பாண்டிச்சேரிக்குப் படகு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடலோரக் குப்பம் ஒன்றுக்கு அழைத்துப் போனேன்.

படகின் முன்வரிசையில், மடியில் மஞ்சப்பையோடு, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். வறுத்த மல்லாட்டைக் கடலையை உடைத்து, தோலை ஊதிவிட்டுத்தான் வாயில் போடுவார். படகு ஆடியதில் அம்மா ஏறத் தயங்கினாள். அவர் கையை நீட்டினார்.

"பயப்படாதீங்கக்கா. நானே வாரா வாரம் பாண்டிக்கு இதுலதான் போய்க்கினு இருக்கேன்."

அதை நம்பித்தான் அம்மா ஏறினாள். அலை தூக்கிப் போட்டபோதெல்லாம் அவள் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். ஊதிய மல்லாட்டையை அவளுக்கும் கொடுத்தார்.

முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, படகு ஏறிய இடத்துக்கே வந்து நின்றது. பாண்டிச்சேரிக்கு இனி வேனில் போகவேண்டுமாம். எல்லோரும் கத்திக்கொண்டே இறங்கினோம். அவர் மட்டும் இறங்கவில்லை. அம்மாவை வேனில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

"வாரா வாரம் போறேன்னு சொன்னீங்களே?"

"இதுல குந்திக்கினு அப்படி சொல்றதுதாங்க என் வேலை," என்றார், என் முகத்தைப் பார்த்தே. "பாண்டிக்கு நான் பஸ்லதான் போவேன்."

அடுத்த கூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. அம்மாவின் கையைப் பிடித்ததும் அந்த வேலையில் சேர்த்திதானா என்று கேட்க வாய் வரவில்லை.

அம்மாவிடம் இன்றுவரை சொல்லவில்லை. அந்தப் படகுப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் சொல்வாள்: "பாவம், வாரா வாரம் போற அந்த மனுஷனும் அன்னிக்கு நம்பள மாதிரியே ஏமாந்துட்டாரு."