பால்குடமும் தம்பியின் கிரியாட்டினினும்

என் தம்பிக்கு ஒரு சிறுநீரகம் கொடுத்தவள் நான். ஆகவே அவனுடைய இரத்தப் பரிசோதனை முடிவை முதலில் பிரித்துப் பார்க்கும் உரிமையும் எனக்குத்தான் என்று வைத்துக்கொண்டிருந்தேன். சிறுநீரகம் கெட்டால் இரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின், வருஷக்கணக்கில் அசையாமல் ஒன்று புள்ளி இரண்டில் நின்றது. அந்தப் பங்குனியில், நகரத்தில் லத்தா பேட்டையின் பரிசோதனைக்கூட வாசலிலேயே தாளைப் பிரித்தேன். ஒன்று புள்ளி ஒன்பது. 

மாற்றி வைத்த சிறுநீரகம் நாளாக ஆகச் சத்தமில்லாமல் கெடலாம், வலிகூட இருக்காது, இரத்தம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும் என்று அவனைப் பார்க்கும் டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று அவரிடம் போகும் வழியெல்லாம் புலம்பினேன். தம்பி வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தான். அது வேறு எரிச்சல்.

டாக்டரம்மா பர்மாக்காரர். மாத்திரை தவறியதா, வயிற்றுப்போக்கா என்று பர்மியில் ஒவ்வொன்றாகக் கேட்டார். இல்லை, இல்லை என்றான். தண்ணீர் ஒழுங்காகக் குடித்தாயா என்றதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அக்கா, கோவிச்சுக்காத. ரத்தம் குடுக்கறதுக்கு முந்தின நாளு அம்மனுக்குப் பால்குடம் எடுத்தேன். வெரதம். பச்சத் தண்ணி பல்லுல படல."

ஊரின் மறுகோடியில், ஷ்வேப்யிதாவில் வேலை இருக்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன நாள் அது! கொளுத்துகிற வெயில் வேறு.

"அடப்பாவி! என் கிட்னிய வெயில்ல காயப் போட்டுட்டியேடா, அது என்ன கருவாடா?"

டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் சிரித்துவிட்டார். விஷயத்தைப் பர்மியில் சொன்னதும், உடம்பில் தண்ணீர் வற்றினாலும் அந்த எண் ஏறும் என்றார். ஒரு வாரம் நன்றாகக் குடிக்கட்டும், அப்போதும் இறங்காவிட்டால் ஊசியால் சிறுநீரகத்தில் துணுக்கு எடுத்துப் பார்க்கவேண்டும் என்றார். அந்த வாரம் முழுக்கச் சொம்பும் கையுமாக அவன் பின்னாலேயே திரிந்தேன். குலதெய்வத்திலிருந்து புத்தர் வரை ஒருவரையும் விடவில்லை.

மறுபடி ஒன்று புள்ளி இரண்டு. அப்பாடா! லத்தா நடைபாதையில் நின்று ஓவென்று அழுதேன். பழக்காரி பயந்துபோய் முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

ஆற்றுக்கு அக்கரையில் எங்கள் டாலாவுக்குத் திரும்பும் படகில் மறுபடி பிடித்துக்கொண்டேன். "நல்லாத்தானேடா இருந்த. இந்த நேர்த்திக்கடன யாரு கேட்டா?"

"எனக்கு இல்லக்கா. உனக்கு ஒண்ணுதான மிச்சம் இருக்கு? அது நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

கையோடு இருந்த சொம்பை எடுத்து, முதல் மடக்கை நான் குடித்துவிட்டு அவனிடம் நீட்டினேன்.