ராயப்பன் துப்பாக்கியின் இறுகிய மரை

1. எஞ்சினிலிருந்து துப்பாக்கிக்கு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஆள்குறைப்பு வந்தது. பாய்லர் கழுவும் கேங்கில் இருந்த என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திண்டிவனத்தில் கரீம் பாய் என்பவர் லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி ரிப்பேர் கடை வைத்திருந்தார். அவருக்கு அரம் பிடித்து இரும்பை ராவத் தெரிந்த ஆள் ஒருவன் தேவைப்பட்டான். நான் போய் நின்றேன்.

“ஏழுமல, நீ எஞ்சின் வேலக்காரன். இது வேற வேல. சுத்தியல தூக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும், தெரிதா?” என்றார். சரி என்றேன்.

இப்போது படிக்கிற பிள்ளைகள் அந்தத் துப்பாக்கிகளைப் பார்த்திருக்க மாட்டார்கள். அவற்றில் தோட்டா கிடையாது. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரைத் தக்கையாக வைத்துக் கம்பியால் இடித்து, மேலே ஈயக் குண்டுகளைப் போட்டு, இன்னொரு தக்கையால் அடைக்க வேண்டும். அடிப்பக்கம் நிப்பிள் என்று ஒரு சிறிய குழாய் இருக்கும். அதன் தலையில் செம்புக் கேப் ஒன்றை மாட்டி விசையை இழுத்தால், கேப் வெடித்து அந்த நெருப்பு உள்ளே போய் மருந்தைப் பற்ற வைக்கும். குழலின் அடிவாயைப் பெரிய திருகு ஒன்று மூடியிருக்கும். அதைத்தான் பிரீச் பிளக் என்போம், சுருக்கமாக பிளக். வெடியின் வேகம் முழுவதையும் தாங்கி நிற்பது அந்தத் திருகின் மரை, அதாவது அதில் சுற்றிச் சுற்றி வெட்டிய பள்ளம்தான். மருந்தின் கசடெல்லாம் போய்த் தங்குவதும் அங்கேதான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ராயப்பன் வந்தார்.

2. கம்பி நின்ற இடம்

ராயப்பனும் அவர் மனைவி அந்தோணியம்மாளும் மயிலத்துக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தார்கள். அவர்கள் குடும்பத்தில் அதுவரை எல்லோரும் பிறர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். சர்க்கார் பிரித்துக் கொடுத்த கரட்டு நிலத்தில் கல் பொறுக்கி, முள் வெட்டி, முதன்முதலாகச் சொந்தமாக மல்லாட்டை என்கிற நிலக்கடலையைப் போட்டிருந்தார்கள். பக்கத்து நிலங்களும் அவர்கள் உறவினர்களுடையவை. காட்டுப் பன்றி வந்தால் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் கிளறிப் போட்டுவிடும். அத்தனை நிலத்துக்கும் காவலாக இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி. அதன் லைசென்ஸ் ராயப்பன் பெயரில் இருந்தது. அந்த லைசென்ஸை வாங்க அவர் ஆபீஸ் ஆபீஸாக அலைந்த கதையைச் சொன்னால் அதுவே தனிப் புத்தகமாகிவிடும்.

“கேப்பு வெடிக்குதுங்க பாய். ஆனா நெருப்பு உள்ள போவல. நிப்பிளு அடச்சிக்கினு இருக்குது போல. வர்ற வாரம் தாலுகா ஆபீஸ்ல துப்பாக்கிய காட்டணும். சுடாத துப்பாக்கிக்கு லைசென்ஸ் எதுக்குன்னு புடுங்கிக்கினா, மறுபடி எங்களுக்கு யாரு குடுப்பாங்க?” என்றார் ராயப்பன்.

“உள்ள மருந்து இருக்குதா?” என்று கேட்டார் பாய்.

“இல்லீங்க. போன மழைல பன்னி வந்தப்ப சுட்டேன். அதுக்கப்புறம் கெட்டிக்கவே இல்ல. வெறும் கேப்பு மட்டும் தெனம் அடிச்சி அடிச்சிப் பாக்கறேன்.”

“சுட்டப்ப பொக வந்துச்சா?” இது அந்தோணியம்மாள். கேள்வி கணவரைப் பார்த்து.

“இருட்டுல பொகய எங்க பாக்கறது? சத்தம் கேட்டுச்சி, பன்னி ஓடிப்போச்சி.”

பாய் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். துப்பாக்கியின் கம்பியை எடுத்துக் குழலின் வெளிப்புறத்தில் வைத்து, அடிவரை எவ்வளவு நீளம் என்று விரலால் குறி வைத்தார். பிறகு அதே கம்பியைக் குழலுக்குள் விட்டார். குறி வைத்த விரல் குழல் வாயைத் தொடுவதற்கு முன்பே கம்பி நின்றுவிட்டது. நடுவில் நான்கு விரல் அகலம் மிச்சமிருந்தது.

“கெட்டிச்சபடியே இருக்குது” என்றார் பாய்.

அன்று மழையில் வெடித்தது கேப் மட்டும்தான். மருந்தும் குண்டும் அப்படியே உள்ளே தங்கிவிட்டன. அதன் மேல்தான் அவர் தினமும் கேப் அடித்துப் பார்த்திருக்கிறார்.

அந்தோணியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “ஐயோ மாதாவே, செவுத்துல மாட்டி அதுக்குக் கீழதானே பசங்கள படுக்க வச்சிக்கினு இருந்தேன்” என்றார். ராயப்பனின் முகம் வெளுத்துவிட்டது. அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன். செம்பை வாங்கினார், ஆனால் குடிக்கவில்லை.

கடைக்குப் பின்னால் ஆள் இல்லாத இடத்துக்கு எடுத்துப் போனோம். குழலைச் சுவர்ப் பக்கம் சாய்த்து, வாய் வழியாகத் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டோம். மருந்து நனைந்துவிட்டது என்று நிச்சயமானதும், சுருள் ஊசி பூட்டிய கம்பியை விட்டுத் தக்கையைக் கொக்கிபோட்டு இழுத்தார் பாய். முதலில் நார் வந்தது, பின்னால் ஈயக் குண்டுகள், கடைசியில் கறுப்புக் கூழாக மருந்து. அந்தோணியம்மாள் குண்டுகள் எல்லாவற்றையும் தன் கையால் பொறுக்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அந்தக் காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

3. நம்பர்

ஆபத்து நீங்கியது. வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. நிப்பிளை ஒருவழியாகக் கழற்றிவிட்டோம். ஆனால் அதிலிருந்து உள்ளே போகும் துவாரம் கல்லாக இறுகிக் கிடந்தது. பிளக்கைக் கழற்றினால்தான் அதைச் சுத்தம் செய்ய முடியும். பிளக்கோ அசையவில்லை. குழலை வைஸ் என்கிற பிடிகருவியில் மரக்கட்டை வைத்துக் கடித்துப் பிடித்து, இருக்கிற ஸ்பானரையெல்லாம் போட்டுப் பார்த்தோம். ஸ்பானர் வழுக்கி பிளக்கின் மூலைதான் தேய்ந்தது.

“எண்ணெயே போடலியா?” என்று கேட்டேன்.

“போடாம இருப்பனாங்க? வூட்ல ஆட்டுன மல்லாட்ட எண்ணெயத்தான் ஊத்திக்கினே இருந்தேன்” என்றார் ராயப்பன்.

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். “பேஜாரு புடிச்ச வேல. அது கொஞ்ச நாள்ல பிசினு மாதிரி ஆயிடும்பா. கசடு, துரு, பிசினு, மூணும் ஒண்ணா சேந்தா பிளக்குக்கு வெல்டு வச்ச மாதிரிதான்.”

பிளக்கோடு அடியை அறுத்துவிட்டுப் புது மரை வெட்டலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஆனால் லைசென்ஸில் எழுதியிருந்த நம்பர் சரியாக அந்த இடத்தில்தான் குழல் மேல் வெட்டப்பட்டிருந்தது. நம்பர் போனால் அந்தத் துப்பாக்கிக்கும் லைசென்ஸுக்கும் சம்பந்தமே இல்லாமல் போய்விடும். நெருப்பில் காட்டுவதற்கும் பாய் சம்மதிக்கவில்லை. பழைய இரும்பு, பதம் போய்விட்டால் அடுத்த வெடிக்குக் குழலே பிளந்துவிடும் என்றார்.

“வேணாம் பாய், வுட்டுடுங்க. எங்க தலையெழுத்து” என்று எழுந்தார் ராயப்பன்.

அந்தோணியம்மாள் எழவில்லை. “தலையெழுத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. செடி பூ வுட்டு நிக்குது. அண்ணே, நீங்க எஞ்சினு ஷெட்ல இருந்தவருன்னு சொன்னாங்களே, அங்க திருகு புடிச்சிக்கினா இன்னா செய்வீங்க?” என்று என்னிடம் கேட்டார்.

நான் என்னையே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

4. சாவி

பாய்லரிலும் பிளக் உண்டு. உள்ளே படியும் சேற்றைக் கழுவி வெளியேற்ற அதைக் கழற்றுவோம். உப்பும் சூடும் சேர்ந்து அந்த மரையும் இப்படித்தான் இறுகும். ஷெட்டில் ஸ்பானரைச் சாவி என்போம். முதலில் பார்ப்பது அது பொருந்துகிறதா என்பதைத்தான். துளி இடைவெளி இருந்தாலும் பிளக்கின் மூலை போய்விடும். அடுத்தது, எடுத்தவுடனே தளர்த்துவது கிடையாது. முதலில் ஒரு மயிரிழை இறுக்க வேண்டும். இறுக்கும்போதுதான் பிடித்திருக்கும் துரு உடையும்.

பாயிடம் சொன்னேன். “நெருப்பு வேணாம். வெந்நீ ஊத்தலாம். மருந்து கசடுக்கு வெந்நீதான் மருந்து. நீ சாவிக்கு வழி பண்ணு, ஜல்தி” என்றார்.

பிளக்கின் தலையைக் களிமண்ணில் அழுத்தி, அந்தக் குழியில் தேன்மெழுகை வார்த்து அச்சு எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு ரயில் ஏறினேன். ஷெட்டில் கொல்லு வேலை பார்த்த நடேசன் என் பழைய கூட்டாளி. வேலை முடிந்து வந்தவரிடம் அச்சைக் காட்டினேன்.

“இன்னாடா இது, எலிக்கு பாய்லரா?” என்று சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. தன் வீட்டுப் பட்டறையில் உலையை மூட்டினார். நல்ல உருக்கில் கை நீளமான சாவி ஒன்றை அடித்து, அச்சில் பொருத்திப் பார்த்துப் பார்த்து ராவினார். மெழுகில் கீறல் விழாமல் சாவி உட்காரும்வரை அவர் விடவில்லை.

நான் திரும்பும்வரை குழலின் அடியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருந்தார் பாய். எடுத்துத் துடைத்து, கொதிக்கிற தண்ணீரை அடிப்பக்கம் ஊற்றி, துணி சுற்றி, ஆறியதும் மறுபடியும் மண்ணெண்ணெயில் வைத்தோம். இப்படியே மாற்றி மாற்றிச் செய்தோம். தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ராயப்பனும் அந்தோணியம்மாளும் வந்துவிட்டார்கள்.

வைஸில் குழல். பிளக்கின் மேல் நடேசன் சாவி, கையுறை போல உட்கார்ந்தது. இறுக்கும் பக்கமாக மெல்ல அழுத்தினேன். ஒன்றுமில்லை. பாய் சுத்தியலால் சாவியின் தலையில் லேசாகத் தட்டினார். மறுபடி அழுத்தினேன்.

டக்.

விரலுக்குத்தான் அது முதலில் தெரிந்தது, காதுக்குப் பிறகுதான். பாய் என் தோளைப் பிடித்தார். “அவ்ளோதான், நிறுத்து. இப்ப திருப்பு.” தளர்த்தும் பக்கம் கால் சுற்று வந்தது. சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, மறுபடி உள்ளே திருப்பி, மறுபடி வெளியே. அரைச் சுற்று, பிறகு முழுச் சுற்று. கடைசியில் பிளக் என் உள்ளங்கையில் விழுந்தது. மரையில் வெல்லப்பாகு கருகிய மாதிரி ஒரு பூச்சு. குழலைத் தூக்கி அந்தோணியம்மாளிடம் காட்டினேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

“அந்தாண்ட தெருவே தெரியுது!” என்றார். ராயப்பனும் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் குழலைக் கண்ணிலிருந்து எடுக்கவே இல்லை. கண் கலங்கியதை நாங்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

மறுநாள் தாலுகா ஆபீசில் நம்பரைப் பார்த்தார்கள், விசையை இழுத்துப் பார்த்தார்கள், முத்திரை குத்தினார்கள். அதிக நேரம் பிடிக்கவில்லை.

5. கொழுப்பும் மெழுகும்

பிளக் கழன்ற அன்றே துவாரத்தைக் குத்திச் சுத்தம் செய்திருந்தோம். பிளக்கைத் திரும்பப் பூட்டுவதற்கு முன் பாய் அந்தோணியம்மாளைத்தான் கூப்பிட்டார். “மா, இத நீ கத்துக்க. உம் புருஷன் எண்ணெய ஊத்தற ஆளு. உனக்குத்தான் கேள்வி கேக்கத் தெரியுது.”

கொதிநீரில் மரையைக் கழுவ வேண்டும். தேங்காய் நாரால் பள்ளம் பள்ளமாகத் தேய்க்க வேண்டும். பிளக்கை மட்டும் தேய்த்துவிட்டுக் குழலுக்குள் இருக்கிற மரையை மறந்துவிடக் கூடாது. ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த பிறகு, ஆட்டுக் கொழுப்பையும் தேன்மெழுகையும் சேர்த்து உருக்கிய பசையை விரலால் பூச வேண்டும். பூசியது மரையின் பள்ளத்தில் தங்கினால் போதும், வழியக் கூடாது. வழிந்தால் மருந்தில் கலந்து அது ஒரு தொல்லை. திருகும்போது விரலாலேயே முடிந்தவரை திருகி, கடைசிப் பிடிக்கு மட்டும் சாவி போட வேண்டும். இதெல்லாம் வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் போதும். அடிக்கடி கழற்றினால் மரை தேயும். ஆனால் சுட்ட அன்றே குழலை வெந்நீர் விட்டுக் கழுவித்தான் ஆக வேண்டும்.

அந்த வருஷம் அறுவடைக்கு எங்களை அழைத்திருந்தார்கள். பாயும் நானும் கூட்டேரிப்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். பன்றி இரண்டு தடவை வந்ததாம். முதல் தடவை ராயப்பன் சுட்டதில் பெரிய ஆண் பன்றி ஒன்று விழுந்தது. இரண்டாவது தடவை வெடிச் சத்தத்துக்கே திரும்பிப் போய்விட்டது. செடி பிடுங்கிக் குவித்த களத்தில் பெண்கள் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பச்சைக் காயை அவித்து முறத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பாய் சட்டைப் பை நிறைய அள்ளிக்கொண்டார்.

யுத்த காலத்தில் நல்ல மருந்து கிடைக்கவில்லை. ஊரில் இடித்த மருந்து இரண்டு மடங்கு கசடு கக்கியது. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்தெல்லாம் இறுகிய பிளக்குகள் எங்களைத் தேடி வந்தன. அப்போது ராயப்பன் ரோடு வேலைக்காக வெளியூரில் இருந்தார். அவருக்குப் பதிலாகத் துப்பாக்கியை வைத்திருக்க அந்தோணியம்மாளின் பெயரையும் லைசென்ஸில் சேர்த்திருந்தார்கள். வைகாசியில் ஒரு நாள் அந்தோணியம்மாள் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு கடைக்குள் வந்தார். தெருவே நின்று பார்த்தது.

“கழட்டிப் பாருங்க அண்ணே. நான் பூட்டுனது.”

சாவியை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். மீதியெல்லாம் இரண்டு விரலிலேயே சுழன்று வந்தது. மரை வெள்ளி மாதிரி இருந்தது.

“பக்கத்து நெலமும் எடுத்துட்டோம். மூத்த பொண்ண திண்டிவனத்துல இஸ்கூலுக்கு அனுப்பறேன்” என்றார், துப்பாக்கியைத் துணியில் சுற்றிக்கொண்டே. பாய் அவருக்கு டீ வரவழைத்தார்.

அதற்குப் பிறகு நான் பல வருஷம் பல மெஷின்களில் வேலை பார்த்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் நான் சொல்வது இதுதான். எந்தத் திருகாக இருந்தாலும் அது சுலபமாகத் திரும்புகிற நாளிலேயே கழற்றிச் சுத்தம் பண்ணிப் பூட்டுங்கள். இறுகியே போய்விட்டாலும் அறுக்க ரம்பத்தைத் தேடாதீர்கள். பொருந்துகிற சாவி ஒன்றைச் செய்துகொண்டு வந்து, கொஞ்சம் சூடு காட்டி, பொறுமையாக இன்னொரு தடவை முயலுங்கள். பெரும்பாலும் அசைந்து கொடுக்கும்.