கேபிளில் கட்டிய சிவப்புத் துணி

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் டீ குடிக்க இறங்குகிறேன். கடையில் ஆள் இல்லை. டீக்கடைக்காரர் எதிர்ச் சந்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஏணி மேல் நிற்கும் பெண், சுவரோடு ஓடும் இன்டர்நெட் கேபிளின் அறுந்த முனைகளை ஒரு சின்ன மிஷினில் வைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

அவர் பெயர் செல்வி. சின்னதாகப் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். இந்தச் சந்துக்கு லைன் தர முடியாதென்று பெரிய கம்பெனி கைவிரித்தபோது, சந்துக்காரர்களே சேர்ந்து இழுத்த கேபிளாம் இது.

"இப்ப அவங்களே வந்து, நாங்க தர்றோம், உங்களதக் கழட்டிருங்கன்னாங்க. முடியாதுன்னுட்டமுங்க. அதுலருந்து அடிக்கடி அறுந்து கெடக்குது."

"ஒட்டுறதுக்கு எங்க கத்துக்கிட்டீங்க?"

"தையல் மிஷின்ல நூல் அறுந்தா முடிச்சுப் போடுவமுங்க. மொதல் தடவ இதுக்கும் அப்படியே முடிச்சுப் போட்டுட்டோம். நெட்டு வருமா? வீதியே சிரிச்சுது. அப்புறந்தான் இத வாங்கிக் கத்துக்கிட்டோம்."

ஒட்டிய இடத்தை மூடி, அதன் மேல் சிவப்புப் பனியன் துணி ஒன்றை இறுக்கிக் கட்டுகிறார். அப்போதுதான் பார்க்கிறேன். சுவர் நெடுக அதேபோல மஞ்சள், நீலம், பச்சைத் துணிகள்.

"இவ்வளவு பளிச்சுன்னு கட்டினா அறுக்கறவங்க கண்ணுல படாதா?"

"படட்டுமுங்க" என்கிறார் செல்வி. "கட்டிங் வேஸ்ட்டுத் துணி எங்கிட்ட மூட்ட மூட்டையாக் கெடக்குது."