செயலருக்குப் பின்னால் ஒரு நாற்காலி

மோக் லாய்க்வனுக்கு வயிறு எரிந்தது. பிரிட்டிஷ்காரர் ஆண்ட ஹாங்காங்கின் அரசுச் செயலகத்தில் பத்தொன்பது வருஷம் கோப்புகளோடு மல்லுக்கட்டியவள் அவள். சட்டமன்றத்தில் செயலருக்குப் பின்னால் போடும் நாற்காலி மட்டும் நேற்று வந்த சிம் போயானுக்காம்! செயலர் கையைப் பின்னால் நீட்டினால் உரிய காகிதத்தை அதில் வைக்க வேண்டும், வேலை அவ்வளவுதான். ஆனால் அங்கே உட்கார்ந்தவர் யாரும் பதவி உயர்வு இல்லாமல் திரும்பியதில்லை.

ஒளிபரப்பு மசோதாவால் ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. எந்த நிகழ்ச்சியையும் அரசு முன்கூட்டியே தடுக்கலாமாம். எதிர்த்து வந்த கடிதங்களை ஒன்றுவிடாமல் படித்து, நீலக் கோப்பில் சேர்த்தவள் லாய்க்வன்தான்.

"க்வன் அக்கா, நீல ஃபைல மன்றத்துக்குக் கொண்டுபோற பெட்டியில வச்சாச்சா?" பால் டீயும் அன்னாசி பன்னும் வாங்கி வந்திருந்தாள் போயான்.

"வச்சாச்சு, வச்சாச்சு. நீ போய் பவுடர் போடு. டிவியில தெரியப்போறது உன் மூஞ்சிதானே!"

பன் நன்றாகத்தான் இருந்தது. கோப்பு லாய்க்வனின் மேசை இழுப்பறையில் இருந்தது.

மதியம் அலுவலகத் தொலைக்காட்சி முன் முதல் ஆளாக உட்கார்ந்தாள். ஓர் உறுப்பினர் எழுந்து, "எதிர்த்து எழுதினவங்களுக்கு என்ன பதில் வச்சிருக்கீங்க?" என்று பிடித்துக்கொண்டார். செயலரின் கை பின்னால் நீண்டது. போயான் பெட்டியைக் குடைந்தாள். நீண்ட கை அப்படியே நின்றது. லாய்க்வனுக்கு நெஞ்செல்லாம் குளிர்ந்தது.

வெள்ளைக்காரச் செயலர் தொண்டையைச் செருமினார். "கடிதங்களை இன்னும் ஆழமாகப் படிக்க வேண்டியிருக்கிறது. அதுவரை மசோதா நிறுத்திவைக்கப்படுகிறது."

மன்றமே கைதட்டியது. மானம் போகாமல் பின்வாங்க வழி தேடி அரசு எத்தனை வாரமாகத் தவித்ததோ!

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. கடிதங்களை ஆராயத் தனிப் பிரிவு. தலைமை, சிம் போயான்.

போயானே மேசைக்கு வந்தாள். "அக்கா, உங்களையும் என் பிரிவுக்குக் கேட்டு வாங்கிட்டேன். அந்தக் கடிதமெல்லாம் உங்களுக்குத்தான் மனப்பாடம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இழுப்பறையில இருக்குறத எடுத்துக் குடுங்க. நேத்து மன்றத்துலேர்ந்து திரும்பினதுமே பார்த்துட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடல."

லாய்க்வன் கோப்பை எடுத்துக் கொடுத்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டது வெட்கத்தால் என்று போயான் நினைத்திருப்பாள். நல்லவள் என்ற பெயரிலும் இவளே முந்திவிட்டாளே என்றுதான் லாய்க்வனுக்கு எரிந்தது.