வெயில் காட்டிய மீன்தொட்டி

2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை. காலை நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். பால் காய்ச்சினேன். மனைவியை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகுக்குப் பவுடர் போட்டேன். கஞ்சி பன்னிரண்டு கரண்டி ஊட்ட வேண்டும். ஒன்பதோடு வாயை மூடிக்கொண்டாள். பிறகு மீன்தொட்டியின் கண்ணாடியில் படிந்த பாசியைப் பிளேடால் சுரண்டினேன். ஆறரைக்கு அவளுடைய அக்கா, என் மதினி, வந்ததும் வேலைக்குச் சிவகாசி பஸ் ஏறினேன். ஆமத்தூர் தாண்டியும் விரல்களில் பாசி வாடை போகவில்லை.

அவளுக்குப் பக்கவாதம் வந்து பதினான்கு மாதங்கள் ஆகின்றன. பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா, பிடித்தமான எதையாவது தினமும் எண்ணச் சொல்லுங்கள் என்றார். கட்டிலுக்கு எதிரே இரண்டடித் தொட்டி வைத்து, செடிகள் நட்டு, ஒன்பது சிவப்பு வால் மீன்களை விட்டேன். மாலையில் அவள் எண்ணுவாள். எத்தனை வரை சொன்னாள் என்று டைரியில் குறிப்பேன். அவள் நாள் முழுக்கப் பேசுவதில் பாதி அந்த எண்கள்தான்.

செப்டம்பரில் செடிகளின் இலைகள் மஞ்சளடித்தன. எங்கள் பக்கத்தில் எதற்கும் வெயில் காட்டுவதுதான் வைத்தியம். வத்தலுக்கு, பட்டாசுக்கு, மெத்தைக்கு, காமாலை கண்ட கைக்குழந்தைக்கு. நானும் தொட்டியைக் கிழக்குச் சன்னலோரம் நகர்த்தி, தினமும் இரண்டரை மணி நேரம் வெயில் காட்டினேன். ஐந்தாம் நாள் கண்ணாடியில் பச்சைப் படலம். எட்டாம் நாள் இலைகளில் முடி முடியாகப் பாசி. வெயில் போதவில்லை என்று நினைத்து அரை மணி நேரம் கூட்டினேன். தண்ணீரே பச்சையாகிவிட்டது.

"இதென்ன தம்பி, தொட்டியா கம்மாயா? ஒரு எருமையப் பிடிச்சு விட்டுருவமா?" என்றார் மதினி. முன்பெல்லாம் அக்காவின் கேலிக்கு முதலில் சிரிப்பவள் என் மனைவிதான். அன்று பச்சைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மீன்கள் தெரியவில்லை. தெரியாததால் எண்ணவில்லை. மற்றப் பேச்சும் நின்றுபோனது. அக்டோபர் 4 முதல் டைரியில் அந்த இடம் காலி.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்குப் போய் எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சொன்னேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"செடியை வத்தல்னு நெனச்சீகளா அண்ணாச்சி? காயப் போட்டிருக்கீகளே!"

"இப்ப என்ன செய்ய?"

"பாதித் தண்ணிய மாத்துங்க. சன்னலை விட்டுத் தள்ளி வச்சு, மூணு நாள் கும்மிருட்டுல மூடி வைங்க. நடுவுல தொறந்து பாக்காதீக. வெளிச்சம் பட்டா பட்ட பாடெல்லாம் வீண்."

எங்கள் தெருவில் எட்டு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் வரும். பாதியை இறைத்துவிட்டு, குளிக்க வைத்திருந்த நான்கு குடம் தண்ணீரைத் தொட்டிக்கு ஊற்றினேன்.

நான் வேலை பார்க்கும் அச்சகத்துக்கு அச்சடிக்கும் பிளேட்டுகள் வெளிச்சம் புகாத கறுப்புத் தாளில் சுற்றி வரும். இன்று மாலை கிழிசல் இல்லாத தாள்களாகக் கேட்டு வாங்கி வந்தேன். தொட்டியைக் கட்டிலுக்கு எதிரே பழைய இடத்துக்கு நகர்த்தி, நான்கு பக்கமும் மேல்புறமும் தாளால் மூடி, ஓரங்களில் டேப் ஒட்டினேன். ஒழுங்காக ஒட்டி முடித்து நிமிர்ந்தபோதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"செத்து... ருச்சா?" என்றாள்.

பத்து நாட்களுக்குப் பிறகு அவள் பேசியது.

"இல்லம்மா. பாசி போகத்தான். மூணு நாள்." மூன்று விரலைக் காட்டினேன்.

அவள் விரல்களைப் பார்க்கவில்லை. கறுப்புத் தாளைப் பார்த்தாள். கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. அதைத் துடைக்கும் கை அவளுக்கு எழவில்லை. நான் துடைத்தேன். ஊட்டிய இட்லிக்கு அவள் வாய் திறக்கவில்லை. தாளைப் பிரித்துக் காட்டலாமா என்று இரண்டு முறை எழுந்து உட்கார்ந்தேன். பாசி போனால் பேச்சு வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டது நேற்று வரைக்கும் நியாயமாகத் தோன்றியது. உள்ளே எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று எனக்கே தெரியாது.

செவ்வாய்க்கிழமை காலை நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. பிளேடை எடுத்து, அவள் தலையணை உயரத்துக்கு நேராக, கறுப்புத் தாளில் ஒரு பட்டாசு லேபிள் அளவுக்குச் சதுரம் வெட்டினேன். டார்ச்சை அடித்தேன். பச்சைத் தண்ணீர், புகை போல. வெகுநேரம் கழித்து ஒரு சிவப்பு வால் குறுக்கே போனது.

"ஒண்ணு" என்றாள்.

கை கடுக்கும்வரை டார்ச்சைப் பிடித்திருந்தேன். வேறெதுவும் வரவில்லை.