டோபியாஸ் பெட்டிங்கேலின் இரண்டாவது கடை

எங்கள் விக்கர்ஸ்டெட் கிராமத்தில் கிளெமன்ட் பெட்டிங்கேலைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் இருக்க அவர் விடமாட்டார். தண்ணீர்க் கம்பெனியில் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் வீட்டுத் தோட்டத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்து பழகிய அந்த நடை இன்னும் போகவில்லை. அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிற வயல்களில், காதில் ஹெட்போனும் கையில் உலோகம் தேடும் கருவியுமாக, நிலத்துக்கே மீட்டர் பார்ப்பவர்போல நடப்பார்.

எங்கள் தேடுவோர் சங்கத்தில் அவர்தான் மூத்தவர். புதிதாகச் சேர்ந்த யாராவது ஒரு பழைய நாணயத்தை எடுத்துக்கொண்டு வந்து, இந்த இடத்தில் ஒரு வீடு இருந்திருக்கும் என்று சொல்லிவிட்டால் போதும், அவருக்கு அன்றைய தீனி கிடைத்துவிடும். என்னிடமும் சொல்லியிருக்கிறார்.

“வீடா? காலுக்குக் கீழ பாரு தம்பி. சிப்பி ஓடு, புகை குடிச்சு உடைஞ்ச மண் சுங்கான் குழாய். இதெல்லாம் என்ன? அந்தக் காலத்துல நார்விச் டவுன் குப்பையையும் கக்கூசையும் வண்டியில ஏத்திட்டு வந்து இங்க எருவாக் கொட்டினாங்க. உன் காசும் அந்த வண்டியிலதான் வந்துது. மோந்து பாரு, தெரியும்.”

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் மோந்து பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டேன். இன்னொரு உபதேசமும் உண்டு. மண்ணிலிருந்து எடுத்ததை விரலால் தேய்க்கக் கூடாது. பச்சைக் களிம்போடு எழுத்தும் உதிர்ந்துவிடும்.

செப்டம்பரில் ஐவர் கேதர்கோலின் நீள வயலில் அவருடைய கருவி கூவியது. ஐவர் அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர். ஊர்க் குழுவுக்கும் அவர்தான் தலைவர். நான் பக்கத்து வரிசையில் இருந்தேன். கிளெமன்ட் குனிந்தார், தோண்டினார், பிறகு எழுந்திருக்கவே இல்லை. போய்ப் பார்த்தபோது மண்டியிட்டு உட்கார்ந்து, சின்னச் செப்புக் காசு ஒன்றின் மேல் துப்பிக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அரசாங்கம் சில்லறை அடிக்காத காலத்தில் கடைக்காரர்கள் தாங்களே அடித்துவிட்ட காசு அது. ஒரு பக்கத்தில் மூன்று சர்க்கரைக் கூம்பு. அந்தக் காலத்தில் சர்க்கரை கூம்புக் கட்டியாகத்தான் விற்றது, அதனால் அது மளிகைக்காரனின் அடையாளம். சுற்றிலும் பெயர்: டோபியாஸ் பெட்டிங்கேல். மறுபக்கத்தில் ஊர்ப் பெயர் இருந்திருக்க வேண்டும். அது அவருடைய கட்டைவிரலில் பச்சைப் பொடியாக ஒட்டியிருந்தது.

“என் பேரு,” என்றார்.  அவர் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அந்த ஆண்டுத் தொடக்கத்தில் இன்னொன்றும் நடந்திருந்தது. ஊர்ப் புல்வெளி ஓரத்தில் ஊரின் பெயரும் சின்னங்களுமாக நின்ற பலகை, மரத்தில் செதுக்கிச் சாயம் பூசியது, குளிர்காலப் புயலில் விழுந்துவிட்டது. அதில் தேவாலயம், ஒரு நாரை, சர்க்கரை காய்ச்ச எங்கள் வயல்களில் விளையும் ஒரு பீட்ரூட் வகைக் கிழங்கு. பக்கத்து ஊர்ப் பலகைகளில் எல்லாம் ஒரு வீரனோ துறவியோ இருக்க, எங்களுக்குக் கிழங்கு. புதுப் பலகையில் என்ன செதுக்கலாம் என்று குழு யோசித்துக்கொண்டிருந்தது. கிளெமன்ட் யோசிக்கவில்லை. சர்க்கரைக் கூம்புகளோடு ஒரு வியாபாரி, காலடியில் பெட்டிங்கேல் என்ற பெயர். கடைத்தெருவும் சந்தையுமாக இருந்த ஊர் இது, அந்த வரலாற்றைத் தன் குடும்பம்தான் நடத்தியது என்று மனுக் கொடுத்தார்.

பிறகு ஆராய்ச்சி தொடங்கியது. அவருடைய ஆராய்ச்சி, சாப்பாட்டு மேசையில் பிடிக்காத காய்கறியை ஓரமாக ஒதுக்குவது போன்றது. மாவட்ட நூலகத்தில் கடைக்காசுப் பட்டியலைப் பார்த்தார். டோபியாஸ் பெட்டிங்கேல் இருந்தான், மூன்று கூம்புகளோடு, நார்விச் நகரத்தில். ஒதுக்கினார். ஞானஸ்நானப் பதிவுகளையும் அடக்கப் பதிவுகளையும் பார்த்தார். டோபியாசும் அவன் பிள்ளைகளும் நார்விச்சில் முழுகினார்கள், அங்கேயே புதைந்தார்கள். கிளெமன்ட்டின் முப்பாட்டனாரோ வேறு மாவட்டமான லின்கன்ஷையரிலிருந்து வாய்க்கால் வெட்ட வந்தவர். இரண்டையும் ஒதுக்கினார். தட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு வாதம்.

“நார்விச்காரன் காசு நம்ம வயலுக்கு எப்படி வந்துது? நடந்தா வரும்? அவனுக்கு இங்க ரெண்டாவது கடை இருந்திருக்கு.”

எப்படி வந்திருக்கும் என்று சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும். சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். யாரும் வாயைத் திறக்கவில்லை. சிலருக்கு மரியாதை. மற்றவர்களுக்கு வேடிக்கை எதுவரை போகும் என்று பார்க்க ஆசை. நான் இரண்டாவது வகை.

ஒன்றை மட்டும் சொல்லிவிட வேண்டும். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அண்ணன் தம்பிகளும் இல்லை. அந்தப் பெயர் அவரோடு முடிகிறது. அந்தப் பலகையை அவர் எதற்காகக் கேட்டார் என்று எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்த பிறகும் அவர் நடந்துகொண்ட விதம் சிரிப்பைத்தான் வரவழைத்தது.

ஐவர் குழுவில் ஒரு நிபந்தனை வைத்தார். மாவட்டத் தொல்பொருள் அலுவலர் ரோவீனா டேக் வந்து பார்த்து, அங்கே கடை இருந்தது என்று சொன்னால் பலகையில் பெட்டிங்கேல். இல்லையென்றால் கிழங்கே போதும்.

அவள் வருவதற்கு முந்தைய வாரம் முழுவதும் தூறல். நீள வயல் வழியாக நான் போனபோதெல்லாம் கிளெமன்ட் அங்கே இருந்தார். கருவி இல்லை. கையில் ஒரு வாளி. குனிந்து குனிந்து எதையோ பொறுக்கினார். காளானாக இருக்கும் என்று நினைத்தேன். பக்கத்தில் போனதும் வாளியைக் கோட்டால் மூடிக்கொண்டு, வானிலை பற்றிப் பேசினார்.

ரோவீனா வந்த அன்று, காசு எடுத்தபோது உடனிருந்த சாட்சி என்று என்னையும் அழைத்தார்கள். அவள் வயலில் மெதுவாக நடந்தாள். காசு கிடைத்த இடத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டத்தில் மண் மட்டும்தான் இருந்தது.

“இவ்ளோ சுத்தமான வயலை நான் பார்த்ததே இல்ல, மிஸ்டர் பெட்டிங்கேல்.”

“நல்ல இடம்மா,” என்றார் கிளெமன்ட், தானே பெருக்கி வைத்தவர்போல.

பிறகு கிளெமன்ட் வீட்டில் தேநீர், ஐவரும் வந்திருந்தார். மனைவி பெரில் கேக் செய்திருந்தாள். தோட்டத்தில் மேசை போட்டிருந்தார்கள். அன்று வெயில் வந்திருக்கக் கூடாது. ரோவீனாவின் கை கோப்பையோடு பாதி வழியில் நின்றது. அவள் பார்வை பெரிலின் செடிப் பாத்தியில் இருந்தது. அகல இலைச் செடிகளைச் சுற்றி வெள்ளையாக ஒரு கரை. நொறுக்கிய சிப்பி ஓடுகள். நடுநடுவே சுங்கான் குழாய்த் துண்டுகள், சாக்பீஸ்போல.

“அழகா இருக்கே. கடற்கரையிலேந்து கொண்டுவந்தீங்களா?”

“கடற்கரையா? இவரு எங்க என்னைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போறாரு,” என்றாள் பெரில். “ஐவர் வயல்லேந்துதான். வாளி வாளியாக் கொண்டுவந்து கொட்டகைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருந்தாரு. ஓடு கூர்மையா இருந்தா நத்தை ஏறாதும்பாங்க. அதான் எடுத்துக் கொட்டிட்டேன். ஏன் கிளெம், எனக்குப் பிறந்தநாளுக்கா வச்சிருந்தே?”

கிளெமன்ட் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரோவீனா குனிந்து ஒரு குழாய்த் துண்டை எடுத்து, மண்ணை ஊதிவிட்டு, மேசைமேல் காசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.  நன்றாகப் படித்தவள்.

ஐவர்தான் கோப்பைக்குள் சிரித்துப் புரையேறி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “யோவ் கிளெம், மோந்து பாத்தியாய்யா?”

அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கிளெமன்ட் வரவில்லை. அவருடைய மனு தள்ளுபடி ஆனது. ஆனால் கிழங்கு மட்டும் போதாது என்று பலருக்குத் தோன்றிவிட்டது. உண்மையான வரலாறு ஒன்று கையில் கிடைத்திருக்கும்போது அதை ஏன் விட வேண்டும் என்றார் ஐவர். நம் மண் விளைந்தது நார்விச்காரர்களின் கழிவில்தானே, அதில் வெட்கம் என்ன. கை தூக்கும்போது பாதிப் பேர் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியது.

இப்போது புல்வெளி ஓரத்தில் புதுப் பலகை நிற்கிறது. தேவாலயம், நாரை, கிழங்கு, கீழே ஒரு குதிரை வண்டி. வண்டி நிறையப் பழுப்பாக ஒரு குவியல். செதுக்கியவர் தொழில் தெரிந்தவர். குவியல் மேல் மொய்க்கும் ஈயைக்கூட ஒன்று விடாமல் செதுக்கிவிட்டார் என்று பெரில் குறைப்பட்டுக்கொண்டாள்.

கிளெமன்ட் கொஞ்ச காலம் அந்தப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் ரொட்டி வாங்கப் போனார். வசந்தத்தில் வெளியூர்க்காரர்கள் காரை நிறுத்திப் படம் எடுக்க வர ஆரம்பித்ததும், பலகைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் அவர் உட்கார ஆரம்பித்தார். போன ஞாயிறு நான் அந்த வழியாக வந்தேன். ஒரு கணவனும் மனைவியும் பலகையைப் பார்த்து நின்றார்கள். கிளெமன்ட் எழுந்து போய், தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“வண்டி தெரியுதுங்களா? எங்க மூதாதை டோபியாஸ் பெட்டிங்கேலோடது. நார்விச்சுலேந்து இங்க இருந்த கடைக்குச் சரக்கு வரும்.”

அந்தப் பெண் பலகைக்கு அருகே போய் உற்றுப் பார்த்தாள். என்ன சரக்கு என்று கேட்டாள்.

கிளெமன்ட் என்னைப் பார்த்தார். நான் செருப்பைப் பார்த்தேன்.

“சர்க்கரை,” என்றார். “பழுப்புச் சர்க்கரை.”